மங்கலான திரையில் மஞ்சள் சட்டை

இன்றைக்கும் தியேட்டரில் படம் மங்கலாக ஓடினால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து போய், ஆளைத் தேடிப் பிடித்து, சரிசெய்யும் வரை நகர மாட்டேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இதற்காகவே என்னைப் படத்துக்குக் கூப்பிடுவதில்லை. டிக்கெட் வாங்கி இருட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது? இந்தப் பிடிவாதம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. வீடு ஜோகுபாளையத்தில்; கன்னட ஊரில் தமிழ்க் குடும்பம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சினிமாவில் சண்டை போடப் போகிறேன் என்று சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பொங்கலுக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. போன் செய்தால், "நல்லாகீறேன்க்கா" என்பார். நான் வருகிறேன் என்று அம்மா சொன்னால், வெளியூரில் ஷூட்டிங் என்று தட்டிக்கழிப்பார். அம்மாவுக்கு அந்த 'நல்லாகீறேன்' போதவில்லை. அவரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

மாமாவின் கூட்டாளி ஒருவர்தான் ஒருநாள் தகவல் சொன்னார். புதுப்படம் ஒன்றில் இடைவேளை முடிந்ததும் ராத்திரி மழையில் ஒரு சண்டை வருகிறதாம். மஞ்சள் சட்டை போட்டிருப்பவர் மாமாவாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா எங்களை மால் தியேட்டருக்குக் கிளப்பிவிட்டாள்.

படம் ஆரம்பித்ததும் எல்லாம் சாயங்காலம் போல இருந்தது. நடுப்பகலில் பாட்டுப் பாடிய கதாநாயகியின் தலையில் மல்லிகைப்பூ டீத்தூள் நிறத்தில் தெரிந்தது.

"இன்னாங்க, இவ்ளோ இருட்டா கீது? பகலே இப்டின்னா ராத்திரி மழைல அவன் எங்க தெரியப் போறான்?" என்றாள் அம்மா.

"பேசாம பாரு. தமிழ்ப் படம் போட்டிருக்கானே, அதுவே பெருசு" என்றார் அப்பா.

இந்த ஊர் தியேட்டரில் தமிழ்ப் படம் பார்க்கும்போது குரலை உயர்த்தக் கூடாது என்பது அப்பா போட்டுவைத்திருந்த சட்டம். அவருக்குக் கோபம் தமிழில் வரும், பயம் கன்னடத்தில் வரும்.

இடைவேளை விட்டதும் அம்மா விறுவிறுவென்று வெளியே போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். டை கட்டிய மேனேஜர் வந்து, படத்தை எடுத்த விதமே அப்படித்தான் என்று தேன் ஒழுகும் கன்னடத்தில் விளக்கினார். அம்மா அசையவில்லை என்றதும் எங்கள் மூவருக்கும் இலவசமாகப் பாப்கார்ன் தரச் சொன்னார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

"பாப்கார்ன் பேடா சார், வேணாம். வெளிச்சம் போடுங்க. என் தம்பி வர்றான்" என்றாள் அம்மா.

மேனேஜர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அப்பா பாதி குனிந்து, "பர்வாகில்ல சார், பர்வாகில்ல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் அரங்கத்தின் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். சரிசெய்யாமல் படத்தை ஆரம்பிக்கக் கூடாது என்றாள். அதுவரை வாய் திறக்காமல் படம் பார்த்தவர்களில் ஒருவர், "ஆமா சார், எங்களுக்கும் ஒண்ணும் தெரியல" என்றார். உடனே எல்லோருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

மேனேஜர் வாக்கி டாக்கியில் யாரையோ அழைத்தார். ஒருவர் மேலே ஓடினார். முந்தைய காட்சியில் த்ரீடி படம் ஓட்டியிருக்கிறார்கள். அதற்காக புரொஜெக்டரின் முன்னால் மாட்டிய கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான்.

மறுபடி படம் ஓடியபோது பளிச்சென்று இருந்தது. மழைத் துளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. அந்த மழையில் மஞ்சள் சட்டையோடு மாமா! கதாநாயகன் விட்ட ஒரே அடியில் சேற்றில் விழுந்தார். அடியாட்கள் எல்லோரும் ஓடிய பிறகு, மாமா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து போனார். நான் கை வலிக்கும் வரை தட்டினேன்.

அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"காலுக்கு இன்னா ஆச்சுடா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"நடிப்பும்மா" என்றேன். இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. அப்பா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதன்பிறகு அவர் எந்த மொழியிலும் பேசவில்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நான் மாமா மாதிரியே காலை இழுத்துக்கொண்டு வந்தேன். தெருப் பையன்களிடம் நல்ல வரவேற்பு. மறுநாள் விடிந்ததும் அம்மா சென்னைக்கு ரயில் ஏறக் கிளம்பினாள். மாமாவைப் பாராட்டத்தான் இத்தனை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நொண்டி நொண்டி நடந்தது சூப்பர்னு மாமாகிட்ட சொல்லும்மா. அடுத்த படத்துலயும் அப்டியே நடக்கச் சொல்லு" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவிவிட்டு, "சொல்றேன்" என்றாள்.