மணி ஒரு தடவைதான் அடிக்கும்

கம்ப்யூட்டர் திடீரென்று உறைந்து நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? தலையில் கை வைப்பீர்கள். கண்ட பட்டனையும் அமுக்குவீர்கள். விற்ற கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

போன வெள்ளிக்கிழமை நானும் ஜெனிட்டாவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்!

ஜெனிட்டா என்னோடு வேலை பார்ப்பவள். ஏற்காடு மலைமேல் கொட்டச்சேட்டில், காபிச் செடிகளுக்கு நடுவே அவள் வீடு. கணவர் ஆரோக்கியம் அங்கே ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் ஏற்காடு டவுனில். எங்கள் ஆபீஸோ பெங்களூரில். கம்பெனி சொந்தமாக ஒரு ப்ரோக்ராமிங் மொழி உருவாக்குகிறது. அந்த மொழியில் எழுதியதையெல்லாம் ஓடவைக்கிற இன்ஜினுக்கு ரன்டைம் என்று பெயர். அதில் ஒரு பகுதி எங்கள் இருவர் தலையில்.

என்ன பகுதி? பயப்படாதீர்கள், பக்கத்தைத் திருப்பாதீர்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டா நிற்கிறீர்கள்? காய் நறுக்குகிறீர்கள், போனில் வம்பு பேசுகிறீர்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால், ஒவ்வொருவரையும் கவனிக்க ஒரு குட்டி ஆள். லைட்வெயிட் த்ரெட் என்பார்கள். செய்தி வரும்வரை அந்தக் குட்டி ஆள் தூங்கப் போய்விடுவான், அவன் இடத்தில் இன்னொருவன் வேலை பார்ப்பான். செய்தி வந்ததும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டு, சரியான ஆளைத் தட்டி எழுப்புவது எங்கள் ரன்டைமின் வேலை.

அவ்வளவுதான்! அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லியே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆனால் அந்தக் குட்டி ஆட்கள் முதல்முறை வரிசையாக எழுந்து, வேலை பார்த்து, மறுபடி தூங்கப் போனதை ஸ்கிரீனில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நிஜமாகச் சொல்கிறேன்.

டெஸ்ட் எப்படிச் செய்தோம் தெரியுமா? ஒரு லாப்டாப் என் வீட்டில், இன்னொன்று ஜெனிட்டா வீட்டில். நடுவில் மலை, பனி, வந்தால் வருவேன் என்கிற சிக்னல். நிஜமான நெட்வொர்க்கில் சோதிக்கிறோம் என்று எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து டெஸ்ட் செய்கிறவர்கள் மீது லேசான இளக்காரம்கூட... எங்கள் ரன்டைம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பெங்களூரில் போட்டார்கள். போட்ட வேகத்தில் நின்றது.

மேனேஜர் முரளி போனில் வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் மெதுவாகத்தான் சொல்வார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்த வேலையையே மூடிடலாம்னு மேல சொல்றாங்க மேடம். அப்புறம் ஜெனிட்டா இங்க ஆபீஸ்ல வேற டீமுக்கு வர வேண்டியிருக்கும்."

எனக்கு ரிடையராகும் வயது, என்னை யாரும் இழுக்க மாட்டார்கள். ஜெனிட்டாவுக்கு அப்படியா? ஆரோக்கியத்தால் எஸ்டேட்டை விட்டு நகர முடியாது. மகள் இங்கே கான்வென்டில் இரண்டாம் வகுப்பு.

"ஊட்டை விட்டுப்போட்டு நான் எங்கீங்கக்கா போவேன்?" என்றாள் ஜெனிட்டா. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் லாப்டாப்போடு கொட்டச்சேட்டுக்குப் போய்விட்டேன். உட்கார்ந்தோம். வரி வரியாகப் படித்தோம். ஒரு தப்பும் இல்லை. இங்கே ஓடுவது அங்கே ஏன் நிற்கிறது?

ஜெனிட்டா சட்டென்று நிமிர்ந்தாள். "ஏனுங்கக்கா, அங்க இருக்கறது, இங்க இல்லாதது எதுங்க? வேகம்தானுங்களே? நம்மூர் நெட்வொர்க்கு நொம்ப மோசம். அதை நடுவுல விடாம ஓட்டிப் பாத்தா?"

இரண்டு லாப்டாப்பையும் ஒரே கேபிளால் நேராக இணைத்தோம். ஓட்டினோம். நின்றது!

"நின்னுபோச்சுங்கக்கா! நின்னேபோச்சு!"

அப்போதுதான் குதித்தோம். சாப்பிட வந்த ஆரோக்கியம் வாசலிலேயே திகைத்து நின்றார்.

"நின்னுபோச்சுன்னா அழுவாங்க. நீங்க ரெண்டு பேரும் எதுக்குங்க குதிக்கறீங்க?"

எதற்கா? கண்ணில் படாத திருடனை எப்படிப் பிடிப்பது? இப்போது அவன் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறானே!

விஷயம் இதுதான். உங்கள் வீட்டு கேட்டில் ஒருவர் பைகளை வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை மணி அடிக்கிறார். நீங்கள் போய்க் கைக்கு அடங்கியதை எடுத்துக்கொண்டு, அடுத்த மணிக்காகப் படுத்துவிடுகிறீர்கள். மிச்சப் பைகள் கேட்டிலேயே கிடக்கின்றன. புதிதாக ஏதாவது வந்தால்தானே மறுபடி மணி? எங்கள் மலையில் பைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும், அதனால் மிச்சம் என்று ஒன்று விழவே இல்லை. பெங்களூரில் மொத்தமாக வந்து இறங்கின. எங்கள் குட்டி ஆள் பாதியை எடுத்துக்கொண்டு தூங்கிவிட்டான். அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், இவன் மணிக்குக் காத்திருக்கிறான். முழுதாகக் கேட்காமலே "அவங்க ஒண்ணும் சொல்லலியே" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது... வீடுகளில் பாதிச் சண்டை இதுதானே?

தீர்வு ஒரு வரி. காலி என்று தெரியும்வரை எடு, அப்புறம் தூங்கு.

"அப்போ ஒருத்தர் செய்தியாக் கொட்டிக்கிட்டே இருந்தாருன்னா? மத்தவங்க பட்டினிங்களே அக்கா?" என்றாள் ஜெனிட்டா. அட! உடனே இன்னொரு விதியும் சேர்த்தோம். ஒரு ஆள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டால், தூங்க வேண்டாம், வரிசையின் கடைசியில் போய் நிற்கட்டும். முறை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். என்ன அழகான ஏற்பாடு!

கேபிளில் ஓடியது. மலை நெட்வொர்க்கிலும் ஓடியது. பெங்களூருக்கு அனுப்பினோம். ஆரோக்கியம் சாப்பிட்டு முடித்தும் எஸ்டேட்டுக்குக் கிளம்பாமல் கை காய உட்கார்ந்திருந்தார்.

போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

"மேடம், எவ்வளவு லோடு கொடுத்தாலும் நிக்க மாட்டேங்குது!" முரளி கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை. "புராஜெக்ட் மூடலை. ஜெனிட்டா, நீங்க இங்க வர வேண்டாம். இனிமே ஒவ்வொரு வெர்ஷனும் வேகமான நெட்வொர்க்குலயும் ஓடணும், மெதுவான நெட்வொர்க்குலயும் ஓடணும். மெதுவானதுக்கு அங்கதான் ஆள் வேணும்."

ஜெனிட்டா அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. மெதுவான நெட்வொர்க்கை ஆபீஸிலேயே செயற்கையாக உண்டாக்கிக்கொள்ளலாம். அது முரளிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருவருமே வாயைத் திறக்கவில்லை.

கொட்டச்சேட்டுக்குப் புது செல்போன் டவர் வரப்போகிறதாம், ஊரே குஷியில் இருக்கிறது. ஆரோக்கியம் மட்டும், "ஒண்ணும் அவசரமில்லீங்க, மெதுவா வரட்டும்" என்கிறார்!