தூரம்

ஹைடெக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய வருடங்களில், வேதா திருநெல்வேலியிலிருந்து வந்து மல்லாபூரில் மாத்திரை பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் பேக்கிங் ஹாலிலிருந்து எட்டத்தில், கேட்டுக்குப் பக்கத்தில். அதில் ஒரு கூடை வைக்கக்கூட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நாப்கினைத் தாளில் சுருட்டிச் சாப்பாட்டுப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வேதாவுக்குத் தெலுங்கு வராது. ஒருநாள் சூப்பர்வைசர் சீனய்யாவிடம் தலைகுனிந்து, ஊரில் மாதவிலக்கைச் சொல்கிறபடியே சொன்னாள்: "சார், நான் தூரம்."

அவர் காதில் தெலுங்குத் தூரம், வெறும் தொலைவுதான் விழுந்தது. கழிப்பறை இருந்த கேட்டைப் பார்த்தார். "அவுனம்மா, சாலா தூரம். பாபம்!" ரொம்பத் தூரம்தான் என்று பரிதாபப்பட்டார்.

கூட வேலை செய்த செகந்திராபாத் தமிழ்ப்பெண் பூர்ணா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நக்கோ, வேணாம் வேதா, அவருக்கு விளக்கிடாதே. இனிமே நாங்களும் இதையே சொல்றோம்."

சொன்னார்கள், தினமும் ஒருத்தியாவது. கேட்டுக் கேட்டு மனம் தாங்காமல் சீனய்யா மேனேஜரிடம் சண்டை போட்டார். பேக்கிங் ஹாலை ஒட்டியே புதுக் கழிப்பறை வந்தது. தாழ்ப்பாளும் மூடிபோட்ட கூடையும் பூர்ணா கேட்டு வாங்கியவை.

இப்போது தெலுங்குப் பெண்களும் மாதவிலக்கைத் 'தூரம்' என்றுதான் சொல்கிறார்கள். கை நீட்டினால் கழிப்பறைக் கதவு.