கயிறு ஏழு முறை ஏறியது

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. என் பெயர் ஒதிலியா. சான் தெல்மோ ஊரின் தோர்த்தியா ரொட்டிக் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், “சரி, அடுத்த ஆள் வாங்க” என்று நகர்த்திவிடுகிற ரகம். அப்படிப்பட்ட எனக்குத்தான் போன மே மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாளன்று, பட்டப்பகலில் இது நடந்தது.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நிக்கானோருக்குப் புதையல் பைத்தியம். அந்தக் காலத்துக் கொள்ளைக்காரன் ஒருவன் பதினெட்டுக் கோவேறு கழுதைகளில் வெள்ளிக் கட்டிகளைக் கொண்டுவந்து, எங்கள் மலையில் ஏதோ ஒரு சுரங்கத்தில் மறைத்தானாம். ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் இந்தக் கதை தெரியும். அதை நம்பி மண்வெட்டியைத் தூக்கியது இவர் ஒருவர்தான். ஒன்பது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமில்லை. பதினான்கு குழிகள், இரண்டு குகைகள், ஒரு தேள்கடி. கிடைத்தது ஒரு குதிரை லாடம். கடைசியாகச் ‘செவிடி’ என்கிற கைவிட்ட சுரங்கத்தில் ஒரே ஒரு முறை இறங்குகிறேன், இதோடு சரி என்று மாதா மேல் சத்தியம் செய்தார். இதிலும் மண்தான் என்றால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஃப்ரெஸ்னியோவில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சுரங்க வாயில் பெண் நின்றால் வெள்ளி பொறாமைப்பட்டு ஒளிந்துகொள்ளும் என்பார்கள். ஆனால் அன்று திருநாள். கயிறு இறக்க வருவதாகச் சொன்ன அவருடைய கூட்டாளிகள் காலையிலேயே குடித்துக் கவிழ்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் என்னைக் கூட்டிப்போனார்.

“கிழவி, நீ பள்ளத்தப் பாக்காத. முதுகக் காட்டி உக்காரு. வெள்ளிக்குக் கோவம் வந்துரும்.”

“எனக்கு வந்திருக்கிற கோவத்த விடவா?”

பிக்கப் வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றது. அதில் பட்டன் அமுக்கினால் கயிற்றை ஏற்றி இறக்கும் வின்ச் உருளை. அறுபது மீட்டர் கயிறு, நுனியில் கொக்கி. பதினெட்டாவது மீட்டரில் ஒரு சிவப்புத் துணி முடிந்திருந்தார். அந்த ஆழத்தில் ஒரு திட்டும், அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு குடைவும் இருக்கிறதாம். கூடவே ஒரு மெல்லிய கயிற்றைத் தொங்கவிட்டு, மேலே ஆட்டு மணி கட்டினார். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஏற்று. சுரங்கக்காரர்களின் பழைய வழக்கம் அது. ஆளுக்கொரு வாக்கிடாக்கியும் இருந்தது. பள்ளத்தின் வாயில் ஊன்றியிருந்த சிலுவைக்குக் காகிதப்பூ சுற்றிவிட்டு, 3.10க்கு இறங்கினார்.

அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ. வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. 3.16க்குச் சிவப்புத் துணி வந்தது. ஒரு மணி. நிறுத்தினேன். வண்டி மேலே எழும்பியது.

“திட்டுல எறங்கிட்டேன். கொக்கிய விட்டுட்டேன். குடைவுக்குள்ள போயி பாக்குறேன்.”

3.31. மணி இரண்டு முறை அடித்தது. இறக்கினேன். மறுபடி இரண்டு. இறக்கினேன். மறுபடி இரண்டு... எனக்கு எரிச்சல் வந்தது. பாதாளத்துக்கே போகிறாரா இந்த மனிதர்? அறுபது மீட்டரும் தீர்ந்து, உருளையில் கயிற்றின் முடிச்சு தெரிந்தது.

3.40. மூன்று மணி.

பட்டனை அமுக்கினேன். வின்ச் உறுமியது. வண்டி அவருக்கு அமுங்கியதைவிட நன்றாக அமுங்கியது. இவர் மட்டும் இல்லை, கூட ஏதோ கனமாக வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது... அந்த நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது.

அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

“கிழவி, கயித்த எதுக்கு இழுக்குற?”

“நீதானய்யா மணி அடிச்ச.”



“நான் மணியத் தொடவே இல்ல. திட்டுலதான் நிக்கிறேன்.”

என் விரல் பட்டனிலேயே ஒட்டிக்கொண்டது. சிவப்புத் துணி உருளையில் ஏறியது. அப்படியென்றால், கயிற்றில் இருப்பது இப்போது அவருக்கு நேராக...

“நிறுத்தாத.” குரல் கிசுகிசுத்தது. “ஏத்து. நான் வெளக்க அணைச்சிட்டேன்.”

3.52. கொக்கி மேலே வந்தது. அதில் ஒன்றுமில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வண்டி சட்டென்று எழும்பியது. கொழுப்பு மெழுகுவர்த்தி அணைந்த வாடை. காற்றே இல்லை, ஆனால் சிலுவையின் காகிதப்பூ சரசரத்தது... யாரோ கடந்துபோகும்போது தொட்டதுபோல.

“சீக்கிரம் கயித்த அனுப்பு. காத்து சரியில்ல. தலய வலிக்குது.”

அனுப்பினேன். சிவப்புத் துணி வந்ததும் பட்டனை விட்டேன். வின்ச் நிற்கவில்லை. உருளை தானாகச் சுற்றியது... முடிச்சு வரை.

மூன்று மணி.

4.09க்கு மறுபடி வெறும் கொக்கி. மறுபடி அந்த வாடை. மறுபடி காகிதப்பூ.

ஊர் ஒன்பது கிலோமீட்டர். போனுக்கு சிக்னல் கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு போனால் கயிறும் போய்விடும். நான் அழுதேன். பயத்தில் அழுததைவிட ஆத்திரத்தில் அழுததுதான் அதிகம்.

4.25. மூன்றாவது.

4.40. நான்காவது.

“எட்டிப் பிடிய்யா.”

“முடியல கிழவி. போகும்போது நிக்க மாட்டேங்குது. வரும்போது எடமில்ல.”

4.56. ஐந்தாவது.

“வாந்தி வருது...”

5.11. ஆறாவது.

வாக்கிடாக்கியில் மூச்சு மட்டும் கேட்டது.

5.27. ஏழாவது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்குக் கோபம் வந்தால் வரட்டும். பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றேன். கடையில் வரிசை கலைந்தால் நான் எப்படிக் கத்துவேனோ, அப்படியே கத்தினேன்.

“போதும். எல்லாரும் அப்படியே நில்லுங்க. அடுத்தது என் புருஷன். அவரு போனப்புறந்தான் மத்தவங்க.”

கயிற்றை விட்டேன்.

சிவப்புத் துணி.

உருளை நின்றது.

ஒரு மணி... நீண்ட நேரம் கழித்து மூன்று மணி.

வண்டி லேசாக அமுங்கியது. அதே தொண்ணூற்றிரண்டு கிலோ.

5.44க்கு நிக்கானோர் மேலே வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இழுத்து வண்டியில் போட்டு, கதவைக்கூடச் சரியாகச் சாத்தாமல் ஓட்டினேன். அதன்பிறகு மூன்று நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தபிறகும் செவிடிப் பேச்சை எடுக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாளே கடை வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி, அந்தச் சுரங்க வாயை மூடச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுத்தேன். இன்னொருத்தி புருஷன் அதில் இறங்கக் கூடாது. மே ஒன்பதாம் தேதி கான்கிரீட் ஊற்றினார்கள். அதற்கு முன் பொறியாளர் அளவு நாடாவை விட்டு ஆழம் பார்த்தார்.

“இருபத்துநாலு மீட்டர்தாம்மா. அதுக்குக் கீழ பூராவும் இடிஞ்ச கல்லு. எலி போகக்கூட வழியில்ல.”

என் கயிறு அறுபது மீட்டர். கடைசி முடிச்சு வரை இறங்கியதை ஏழு முறை பார்த்தவள் நான். 

அடுத்த வாரம், உயிர் பிழைத்ததற்கு ஒரு பூசை வைக்கலாமென்று மாதா கோவில் அலுவலகத்துக்கு நிக்கானோரையும் கூட்டிப்போனேன். செவிடி என்றதும் எழுத்தர் அம்மாள் பழைய இறப்புப் பதிவேட்டை எடுத்து விரித்தாள். 1893. சுரங்கம் இடிந்தது. உடல்கள் எடுக்கப்படவில்லை. கீழே பெயர்கள். விரல் வைத்து எண்ணினேன். எட்டு.

ஏழில்லை, எட்டு.

நிக்கானோர் பட்டியலின் கடைசிப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“கிழவி... நீ கத்தினப்ப, ஒருத்தன் கொக்கியப் புடிச்சிட்டு நின்னான். இருட்டுல மொகம் தெரியல. அத என் கையில குடுத்துட்டு ஒதுங்கிக்கிட்டான்.”

“எதாவது சொன்னானா?”

“‘நீங்க போங்க, நான் இருக்கேன். மேல போனதும் கயித்த அனுப்புங்க’ன்னான். நான் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

கான்கிரீட் நாற்பது சென்டிமீட்டர் கனம். பக்கத்திலேயே நின்று நான்தான் போடவைத்தேன்.