கழுவாத போர்டு

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கு நான் ஏதோ சாக்குத் தேடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவண்ணாமலையில் ஒரு சந்து மாடியில், பள்ளிக்கூட மணியைத் தானாக அடிக்கும் பெட்டிகள் செய்துகொண்டிருந்தோம். முதலாளி பாய், அதற்கு முன் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் என்னுடையது. பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும் சாலிடர் வேலை அந்தப் பெண்ணுடையது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். சேர்ந்த இரண்டாவது மாதமே, பாய் பக்கத்தில் நிற்கும்போது, "சார், உங்க வரைபடத்துல இந்த டயோடு தலைகீழா இருக்குதுங்க" என்றாள். இருந்தது. டிப்ளமோ படித்த எனக்கு ஐடிஐ படித்தவள் பாடம் எடுத்தது எட்டிக்காயாகக் கசந்தது.

பெட்டியில் முக்கியமான ஐசி சில்லுகள் இரண்டு. பெரியது என் புரோகிராம் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர். சின்னது நேரத்தை வைத்திருக்கும் கடிகார ஐசி. எட்டுக் கால், கால்களுக்கு நடுவே அரிசி நுனிகூட நுழையாது. இரண்டுக்கும் இடையே இரண்டே கோடுகள். பெரியது கூப்பிட்டால், சின்னது ஒரு கோட்டை ஒரு கணம் கீழே இழுத்து 'இருக்கிறேன்' என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நேரத்தைச் சொல்லும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஐசிகளைப் பற்றவைத்து முடித்த பன்னிரண்டு சர்க்யூட் போர்டுகளையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். பொரி கடலை பாய்தான் வாங்கிக் கொடுத்தார். மற்றவர்கள் டிரில்லிங் மெஷினுக்கும் மீட்டருக்கும் பொட்டு வைத்தார்கள். போர்டுகளுக்கு நான் வைத்தேன். அதிலும் கடிகார ஐசி மேல் குறிப்பாக, சந்தனமும் குங்குமமுமாக. வருஷம் முழுக்க என்னைப் படுத்தியது அதுதான். மறுநாள் துணியால் துடைத்துவிட்டுச் சோதனைக்கு எடுத்தேன். எட்டு போர்டுகளில் கடிகார ஐசி பதிலே சொல்லவில்லை.

பாய் கேட்ட முதல் கேள்வி, "புரோகிராம்ல எதனா மாத்தினியா தம்பி?" என்பதுதான். எனக்குச் சுருக்கென்றது. புரோகிராம் தப்பென்றால் பன்னிரண்டும் அல்லவா படுத்திருக்க வேண்டும்? வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ரெசிஸ்டரை மாற்றிப் பார்த்தேன். வெயில் ஏறினால் இரண்டு போர்டுகள் பிழைத்துக்கொண்டன. மழை தூறினால் மறுபடி படுத்தன. பாலிடெக்னிக்கில் வேலை செய்யும் நண்பனிடம் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை இரவல் வாங்கி வந்து திரையில் பார்த்தேன். மேலே ஏற வேண்டிய கோடு பாதியிலேயே நின்றது. கால்களுக்கு நடுவே எதுவோ மின்சாரத்தைக் கசியவிடுகிறது. லென்ஸை வைத்துப் பார்த்தால், ஐசியின் கால்களுக்கு இடையே மஞ்சளாக ஒரு படலம்.

சாலிடர் வைத்த பிறகு அதன் பசையை ஸ்பிரிட் தொட்டுக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் ஈரம் பிடித்துக் கசியும். கழுவுவது அவள் வேலை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. ஆறு பேர் இருந்த அறையில் கத்தினேன்.

"ரெண்டு வாட்டி பிரஷ் போட்டுக் கழுவினேன் சார்."

"அப்ப இது என்னா, சாமி பிரசாதமா?"

அவள் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "சாலிடர் பசைன்னா பளபளன்னு இருக்குங்க. இது மாவாட்டம் இருக்குது."

"எனக்கே கத்துக் குடுக்கறியா?"

பாய் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தனியே கூப்பிட்டார். "நீ சொல்றதுதான் கணக்கு தம்பி. அந்தப் பொண்ணு தப்புன்னு கேரண்டியா சொல்றியா? நிறுத்திட்டா திரும்பக் கூப்ட மாட்டேன்."

"கேரண்டி பாய்."

பாய் நிறுத்திவிட்டதாகச் சொன்னபோது அவள் அழவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஒழிந்தது சனியன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு போர்டை எடுத்து, பசையை உருக்கி எடுக்கலாம் என்று கடிகார ஐசியின் காலில் சாலிடரிங் அயர்னை வைத்தேன். புகை வந்தது. சந்தன வாசனை.

குண்டூசியால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. நடுவில் ஒரு துணுக்குச் சிவப்பு. அன்று குழைத்த சந்தனம் தண்ணியாகத்தான் இருந்தது; கால்களுக்கு நடுவே வழிந்து காய்ந்திருக்கிறது. மேலே இருந்ததைத்தான் நான் துடைத்திருக்கிறேன். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்த போர்டுகள் ஒவ்வொன்றாக நேரம் காட்டின.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு நாள் இருக்கவும் செய்தேன். மூன்றாம் நாள் பாய் வேறு ஆள் தேடச் சொன்னபோது வாய் தானாக உளறிவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"திரும்பக் கூப்ட மாட்டேன்னு நான் சொன்னத நானே வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா எங்கிட்ட சொல்லி என்னா ஆவுது? அந்தப் பொண்ணாண்ட போய் சொல்லு. கூட்டிக்கினு வா."

ஞாயிற்றுக்கிழமை கழுவாத போர்டு ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் அம்மா யார் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போனவர் தண்ணீரோடு வரவில்லை, வரவே இல்லை. அவள்தான் வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

போர்டை நீட்டினேன். சந்தனத்தைச் சொன்னேன், என் கை என்பதைச் சொன்னேன், பாய் கூப்பிடுகிறார் என்பதையும் சொன்னேன். அவள் போர்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பேப்பரைப் பழைய மடிப்பிலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் கழுவினேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். தெரியாதது உங்களுக்குத்தான். இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. அதுக்கு நான் எதுக்குங்க பஸ் ஏறி வரணும்?"

"பாய் மேல உனக்கு என்ன கோவம்?"

"பாய் கேட்டாரு. நீங்க கேரண்டி குடுத்தீங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டுதான் போனேன்."

அவள் கடலையைக் கிளறப் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது வெட்கப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வெட்கமெல்லாம் பல வருஷம் கழித்து வந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான், அதுவும் அவள் மேல்.