மூன்றாம் கதவின் பள்ளம்

ஒரு மாதமாக எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை விரல் நீட்டி மிரட்டிக்கொண்டிருந்தேன். "கதவு மூடியிருக்கிறது, சரி." அடுத்தது கேஸ் அடுப்பு. "குமிழ் மூடியிருக்கிறது, சரி." இந்த வளைகுடா ஊரில் அல் குசைஸ் ஃபிளாட்டுகளின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி லிஃப்டில் என் மனைவியைப் பிடித்து, சேட்டனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தாராம். வேலைக் கவலை என்று இவள் சொல்ல, அன்று சாயங்காலமே ஒரு கிண்ணம் பாயசம் வந்தது. நோயாளிக்குக் கொடுக்கிற பாயசம்தான். நான் வெட்கப்படாமல் குடித்தேன்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஜப்பானில் செய்த மின்சார ரயிலுக்கு ஜப்பான் முறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஓடுகிற மெட்ரோ ரயில்கள் அங்கிருந்து கப்பலில் வந்தவை. ஐந்து பெட்டி, ஓட்டுநர் கிடையாது. நான் டிப்போவில் கதவு மெக்கானிக். பதினோரு வருஷமாக மனைவியோடு இருந்த நேரத்தைவிட அந்தக் கதவுகளோடு இருந்த நேரம்தான் அதிகம்.

எங்கள் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. பழைய ஆட்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்க ஒரு தேர்வு வைத்தார்கள். ஒரு பெட்டி, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கதவு. ஒவ்வொரு கதவிலும் ரப்பர் விளிம்பு, கீழே கதவு ஓடும் பள்ளம், அவசரக் கைப்பிடியின் சீல், விளக்கு என்று நான்கு இடங்களை விரலால் சுட்டி, கண்ணில் கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜப்பான் ரயில்காரர்கள் அப்படித்தான் வேலை செய்வார்களாம். ரயிலுக்குக் காது கேட்காதா பாய், இவ்வளவு சத்தமாகச் சொல்லணுமா என்று எங்கள் பட்டான் வெல்டர் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். தேறாதவர்களுக்கு விசா கேன்சல் என்று சூப்பர்வைசர் சொன்னதும் சிரிப்பு நின்றது.

என் விசாவில்தான் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். மகள் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு. நடு வருஷத்தில் அவளைக் கூட்டிப்போனால் ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? அதனால்தான் ஃப்ரிட்ஜ்.

தேர்வு நடத்த வந்தவர் எழுபதை நெருங்கிய ஜப்பானியர். வெள்ளைக் கையுறை, முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் ஆரம்பித்தேன். என் குரல் பெட்டிக்குள் கணீரென்று போய் அடித்துத் திரும்பி வந்தது. "விளிம்பு சரி. பள்ளம் சுத்தம், சரி. சீல் சரி. விளக்கு சரி." கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று இராணுவ அணிவகுப்பே நடத்தினேன். ஐந்தாம் கதவுக்கு வந்தபோது, அவர் என்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் பார்வை மூன்றாம் கதவின் அடியில் இருந்தது.

திரும்பிப் போய்ப் பார்க்கலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் மேலதிகாரி முன்னால் ஒருதரம் 'கலாஸ்', முடிந்தது என்று சொல்லிவிட்டால் அதை வாபஸ் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. பதினோரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். முடியாததையும் முடிந்தது என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஓடிப்போய் முடிப்பது. அந்த வீம்பில் ஆறாம் கதவை இன்னும் உரக்க முடித்தேன்.

பெரியவர் மெதுவாகக் குனிந்தார். மூன்றாம் கதவின் பள்ளத்திலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். பேரீச்சங்கொட்டை. அவரே போட்டு வைத்தது.

"நன்றாகச் சொன்னீர்கள்," என்றார் ஆங்கிலத்தில். "யார் பார்த்தது?"

ஓட்டுநர் இல்லாத ரயிலில் நான் பார்க்காமல் விட்டதைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. ஒரு வாரம் கழித்து மறுதேர்வு, அதுதான் கடைசி என்று சூப்பர்வைசர் இந்தியில் சொன்னார். நான் "அச்சா" என்றேன். அதையும் யோசித்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, வழியில் தயார் செய்திருந்த இரண்டு பொய்களையும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

"போன வாரம் ஒருநா ஃப்ரிட்ஜு திறந்தேதாங்க கெடந்துச்சு," என்றாள் மனைவி. "அதுக்கு நேரா வெரல நீட்டி மூடியிருக்குதுன்னு கத்துனீங்க. கவலைல இருக்காரேன்னு நான்தான் சத்தமில்லாம மூடுனேன்."

மறுநாளிலிருந்து அவள் வீட்டில் தினம் ஐந்து தப்பு வைத்தாள். ஃப்ரிட்ஜ் கதவு இடுக்கில் கறிவேப்பிலைக் காம்பு. பாதி திறந்த குழாய். போடாத தாழ்ப்பாள். டியூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வேட்டையைத் தொடங்குவேன். முதல் நாள் ஒன்று கண்டுபிடித்தேன். மூன்றாம் நாள் மூன்று. பதினோரு வருஷ அனுபவஸ்தன், சொந்தச் சமையலறையில் நாலு கால் பிராணிபோல ஊர்ந்தேன். மகள் கதவோரம் நின்று, அப்பா ப்ளீஸ் ஒழுங்காப் பாருங்க என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

நாளை காலை ஏழு மணிக்கு மறுதேர்வு. இன்று நான்கு கண்டுபிடித்தேன். ஐந்தாவது கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் பால்கனிக் கதவைக் காட்டி, "தாழ்ப்பாள் சரியில்லை" என்றேன்.

"அது நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி. "பாக்காமச் சொல்றீங்க."

ஐந்தாவது எங்கே என்று கெஞ்சினேன். நாளைக்கு அந்தப் பெரியவர் சொல்லித் தருவாரா என்று கேட்டுவிட்டு, மகளுக்குத் தோசை வார்க்கப் போனாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசல் கதவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.