கொன்ஸ்டபிள் என்றால் யார்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்குச் சரிவராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் திருத்தலாம், நடந்ததைத் திருத்த வேண்டாம்.

இந்த வெளிநாட்டில் பார்க்டேலில் இருந்து பிறம்ரன் என்ற ஊருக்கு நாங்கள் நாலு பேர் ஒரே காரில் வேலைக்குப் போவோம். பெட்டி அடுக்கும் வெயார்ஹவுஸ். கார் ஓட்டுபவர் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். நான் பின் சீற்றில் யன்னலோரம், வாயே திறக்கமாட்டேன். ஒரு திங்கட்கிழமை சுப்பவைசர் என்னைக் கூப்பிட்டு, எங்கள் லைனுக்கு லீட் ஹான்ட் ஆக வருகிறாயா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார். லீட் ஹான்ட் என்றால் மற்றவர்களுக்கு வேலை சொல்பவன். அந்த லைனில் பன்னிரண்டு பேர். கிளாக்கரும் அதில் ஒருவர்.

வீடு திரும்பும்போது அவர் காரின் முன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"ஐசே, ஓமெண்டு சொல்லிப்போடாதையும். நாளைக்கு ரிப்போட் எழுதச் சொன்னால் என்ன செய்வீர், படம் கீறுவீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த நாட்களில் ஆங்கிலம் பழக நூலகத்தில் சிறுவர் புத்தகங்கள் எடுத்து வாசிப்பேன். அந்தக் கிழமை கையில் இருந்தது ஒரு பிரெஞ்சுக்காரனின் கதை. அறுநூறு வருஷத்துக்கு முந்தியவன். பேருக்குத்தான் பிரபு வீடு. மூத்த பிள்ளையாக இருந்தும் முகம் வடிவில்லை என்று தாய் தகப்பனே ஒதுக்கி வைத்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாது. இரவல் குதிரையில் போய்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகளை ஈட்டிப் போட்டியில் விழுத்தினான். பிறகு காட்டுக்குள் ஆட்களைச் சேர்த்து, நாட்டைப் பிடிக்க வந்த ஆங்கிலேயரை மறைந்திருந்து அடித்தான். விறகுவெட்டி வேஷம் போட்டு ஒரு கோட்டையையே பிடித்தான். பிடிபட்டாலும் திரும்பி வந்து சண்டை பிடித்தான்.

புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது காரில் இதைச் சொன்னேன். எப்படி வாய் வந்தது என்று எனக்கே தெரியாது.

"பிறகு?" என்றார் கிளாக்கர்.

"ராசா அவனைக் கொன்ஸ்டபிள் ஆக்கினார்."

அவர் ஸ்ரியறிங்கில் அடித்துச் சிரித்தார். "உவ்வளவு வெட்டுக்கொத்துக்கும் பிறகு பொலிஸ் கொன்ஸ்டபிளோ! ஒரு சார்ஜன்ற் வேலைகூடக் குடுக்கேல்லையோ? படியாதவனுக்கு உதுதான் ஐசே."

எனக்கும் கண்ணில் வந்தது ஊரில் காக்கிக் களிசானோடு சைக்கிள் உழக்கித் திரிந்த பொலிஸ்காரன்தான். அந்த ராசா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இறங்கி நேரே நூலகத்துக்குப் போனேன். அங்கே நான் தலை நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்றைக்குப் புத்தகத்தை விரித்து, சொல்லில் விரலை வைத்து, "பொலிஸ்?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண் சிரிக்கவில்லை. "நோ, நோ" என்று சொல்லி, கையை மேலே மேலே உயர்த்திக் காட்டினார். அந்தக் காலத்துப் பிரான்சில் கொன்ஸ்டபிள் என்றால் முழுப் படைக்கும் தலைவனாம். அவனுக்கு மேல் ராசா மட்டும்தானாம்.

வீட்டுக்கு வந்து அடுத்த பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். இப்போது விளங்கியது. ராசாவே, நான் சின்ன வீட்டுக்காரன், உங்கள் தம்பிமாரை எப்படி ஏவுவேன் என்று அவன் முதலில் மறுத்திருக்கிறான். ராசா விடவில்லை. செத்த பிறகு அவனை ராசாக்களுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை காரில் ஏறியதும் சொன்னேன். "அண்ணை, அவன் பொலிஸ் இல்லை. முழுப் படைக்கும் தளபதி. ராசாவின்ரை தம்பிமாரும் அவனுக்குக் கீழை."

"ஆர் சொன்னது?"

"புத்தகம். நீங்கள் சொன்னது பிழை. நான் இண்டைக்கு ஓமெண்டு சொல்லப்போறன்."

"அப்ப இனி உமக்குச் சலூட் அடிக்கவேணுமோ?"

"வேண்டாம் அண்ணை. ஏழு மணிக்கு லைனிலை நிண்டால் போதும்."

நின்றார். ரிப்போட்டை நானே எழுதினேன். முதல் கிழமை படமும் கீறினேன், எந்தப் பெட்டி எந்த மூலையில் உடைந்தது என்று. சுப்பவைசருக்கு விளங்கியது. ஒருநாளும் கிளாக்கரைக் கொண்டு எழுதுவிக்கவில்லை. இதையும் அப்படித்தான், நானே எழுதினேன்.

1998 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை.