பல்லியைப் பட்டினி போட்ட நாட்கள்

எங்கள் வீட்டில் நான், என் மனைவி, ஒரு பல்லி, அதற்குச் சாப்பாடாக ஒரு டப்பா நிறையச் சுவர்க்கோழிகள். ஆமாம், இருட்டினால் மூலையில் உட்கார்ந்து கிர்கிர் என்று கத்துமே, அதே பூச்சிதான்.

பல்லி சுவரில் ஓடுகிற ரகமில்லை. மஞ்சள் உடம்பில் சிறுத்தைப் புள்ளி, கொழுத்த வால், கண்ணாடித் தொட்டியில் குடித்தனம். காஞ்சிபுரத்தில் பல்லி வளர்க்கிறேன் என்று சொன்னால், "தங்கமா வெள்ளியா?" என்றுதான் கேட்பார்கள். கோயில் பல்லியைத் தொடுவதற்கு வரிசையில் நிற்கிற அதே ஜனங்கள், என் வீட்டுப் பல்லியைப் பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறார்கள்.

அது சோறு, கீரை எதையும் தொடாது. செத்த பூச்சியும் ஆகாது, கண்ணெதிரே நகர வேண்டும். அதனால் நான் பூச்சிப் பண்ணைக்காரன் ஆனேன். பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டைகளை நிறுத்தி வைத்து, மூடியில் வலை ஒட்டினேன். பாட்டில் மூடி அளவு தண்ணீரில்கூட விழுந்து செத்துவிடும் ஜாதி என்பதால் ஈரப் பஞ்சு. பூச்சி தின்பதுதான் பல்லிக்குப் போய்ச் சேரும் என்பதால் கேரட், பூசணி, முருங்கைக்கீரை.

"பூச்சிக்குக் கீரை ஆய்ஞ்சி போடுற. எனக்கு ஒருநாளாவது ஆய்ஞ்சி குடுத்துக்கிறியாப்பா?" என்பாள் மனைவி.

பல்லிக்குப் போடுமுன் பூச்சிகளைக் கால்சியம் பவுடரோடு ஒரு கவரில் போட்டுக் குலுக்க வேண்டும். மேலெல்லாம் வெள்ளையாக வெளியே வரும். "விபூதி பூசியாச்சு, இனி நேரா கைலாசந்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய நகைச்சுவை மன்னன் என்று நினைப்பு.

போன வருஷம் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. பார்க்க வந்த வாலாஜாபாத் அத்தை, நான் இடுக்கியில் பூச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"பொண்டாட்டி மாசமா இருந்தா புருஷங்காரன் ஒரு உசுர எடுக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நீ தெனம் எடுத்துக்கினு இருக்கற. எப்டிப்பா தங்கும்?"

"நான் எங்க அத்த கொல்றேன்? பல்லிதான் கொல்லுது. நான் வெறும் சர்வரு."

மனைவிகூடச் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் உண்டானாள். மூன்றாம் மாதம் தொடங்கியதும் லேசாக ரத்தம் பட்டது. படுத்தே இருக்க வேண்டும், மூன்று வாரம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆட்டோவில் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, வழக்கம்போல டப்பாவைத் திறந்தேன். இடுக்கியை எடுத்தேன். கை போகவில்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யார் சகுனம் பேசினாலும் முதல் ஆளாக விஞ்ஞான வகுப்பு எடுக்கிறவன் நான். அந்த விஞ்ஞானி மூடியைச் சத்தமில்லாமல் மூடினான்.

"புள்ளைக்குப் போட்டியா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். பல்லியைப் பிள்ளை என்றுதான் சொல்வாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத வருஷங்களில் வந்தது அது.

"போட்டாச்சிமா."

அவித்த முட்டையின் வெள்ளையை நூலில் கட்டி ஆட்டிப் பார்த்தேன். நான் லீவு கேட்கும்போது முதலாளி பார்ப்பாரே, அப்படிப் பார்த்தது பல்லி. கூட வேலை செய்கிறவனைக் கூப்பிட்டேன். "வூட்டுக்கு வந்து ரெண்டு பூச்சி போட்டுட்டுப் போடா" என்றால், "போண்ணா, என் வூட்லயும் ரெண்டாவது உண்டாயிருக்குது" என்று நழுவிவிட்டான். இந்தப் பல்லி கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில்தான். தறியில் நூல் தீரத் தீரத் தார்க்குச்சி மெலிவது மாதிரி வால் மெலிந்துகொண்டே வந்தது.

காட்டிக்கொடுத்தவை பூச்சிகள். தின்ன ஆளில்லாமல் குஞ்சுகளெல்லாம் வளர்ந்து, இறக்கை முளைத்து, கச்சேரியை ஆரம்பித்துவிட்டன. பக்கத்து வீட்டுத் தறி நின்றால் போதும், எங்கள் வீடு பாடும்.

"இன்னாப்பா சத்தம் இவ்ளோ ஜாஸ்தியா இருக்குது?"

"மழைக்காலம்மா."

"தெனம் தின்னுக்கினு இருந்தா எப்டி இவ்ளோ மிச்சம் இருக்கும்? தொட்டிய இங்க எடுத்தா."

தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே வைத்தேன். வாலைப் பார்த்தாள்.

"அத்த சொன்னதுக்கா?"

தலையாட்டினேன்.

"அன்னிக்கி சர்வரு ஜோக் அடிச்ச?"

"அடிச்சேன்."

"இது பட்டினில செத்தா, அது மட்டும் உசுரு இல்லியா?"

நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நீ எங்கப்பா வேல செய்ற?"

"பட்டுப்பொடவக் கடைல."

"ஒரு பொடவைக்கு எத்தினி பூச்சிய வெந்நீர்ல போடுறாங்க? அந்தச் சம்பளத்துலதான நான் டாக்டராண்ட போறேன்?"

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கோ உள்ளே வேறு கணக்கு ஓடியது. அதுவரை நாளுக்கு நாலு பூச்சிக்குப் பயந்துகொண்டிருந்தவன் தலையில் கடை முழுக்க, கூரைவரை அடுக்கிய முகூர்த்தப் புடவைகளெல்லாம் வந்து இறங்கின.

"ஆறுதல் சொல்றியா, பயமுறுத்துறியாமா?"

"தெரியலப்பா. எனக்கும் பயந்தான். ஆனா இதுக்குப் பசிக்குது."

டப்பாவைக் கொண்டுவந்து, பவுடரில் குலுக்கி, ஒன்றை இடுக்கியில் நீட்டினேன். கைலாசம் ஜோக் வாயில் வரவில்லை. பல்லி அசையவில்லை. லேட்டாகிவிட்டதோ என்று எனக்கு வேர்த்தது. பிறகு வால் நுனி மட்டும் மெல்ல நெளிந்தது. பாய்ந்து கோட்டைவிட்டது. மறுபடி நீட்டினேன். கவ்விக்கொண்டது. மென்று முடிக்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சட்டென்று அவள் கண்ணை மூடி வயிற்றில் கை வைத்தாள்.

"இன்னாமா?"

"ஒன்னுமில்ல. சும்மா இரு."

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "இன்னொன்னு போடு" என்றாள்.

ஸ்கேன் திங்கட்கிழமை. இதை எழுதும்போது இன்னும் எங்களுக்கு எதுவும் தெரியாது. வால் இன்னும் தேறவில்லை. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அத்தையின் குரல் கேட்கிறது. ஆனாலும் போடுகிறேன். போட்டேன் என்று சொன்னால் இப்போதெல்லாம் அவள் நம்புவதில்லை. எழுந்து வந்து பார்க்கவும் கூடாது. அதனால் தொட்டியையே தூக்கிக்கொண்டு அவளிடம் போகிறேன்.